தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு அறிவியல் செய்முறை: ஒரு கல்லின் எடையைத் திருப்புத்திறன் வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இருபது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றிய பிறகு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத உட்கார்ந்தவள் நான். ஊர் முக்கூடல் பக்கம். தமிழ், சமூக அறிவியல் எல்லாம் ராத்திரி உட்கார்ந்து படித்துவிடலாம். என்னை ஆட்டி வைத்தது அறிவியல் செய்முறைதான், அதிலும் ‘திருப்புத்திறன்களின் தத்துவத்தைப் பயன்படுத்தி ஒரு பொருளின் எடையைக் காணல்’ என்ற ஒரு சோதனை. புத்தகத்தில் அது ஒன்றிரண்டு பக்கம்தான், படித்தால் புரிந்த மாதிரியும் இருக்கும், ஆனால் ஸ்கேலைக் கையில் எடுத்து நூலில் தொங்கவிட்டால் அது ஒரு பக்கமாகக் கவிழ்ந்துவிடும், ஏன் கவிழ்கிறது என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. பயிற்சி வகுப்பிலும் முப்பது பேருக்கு நடுவில் நம் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். அதனால் நான் கஷ்டப்பட்டுக் கற்றதை அப்படியே வரிசையாக எழுதுகிறேன். பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கும் 2-ம் படியிலிருந்து இது உதவும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வில் 20 எடுத்தால் போதும், ஆனால் செய்முறையில் 25-க்கு 15 எடுத்தாக வேண்டும். எழுத்தில் எவ்வளவு எடுத்தாலும் செய்முறையைத் தவறவிட்டால் அறிவியலில் தேர்ச்சி இல்லை. இதைத் தெரியாமல் செய்முறையைக் கடைசிக்குத் தள்ளியவர்களை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

1. பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்யுங்கள்

தேர்வுக்கு விண்ணப்பிப்பது வேறு, செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்வது வேறு. நிறைய பேர் இரண்டும் ஒன்று என்று நினைத்து முதலாவதிலேயே ஏமாந்துவிடுகிறார்கள். முதல் தடவை எழுதுகிற தனித்தேர்வர்கள் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, 80 சதவீத வருகை வைத்திருந்தால்தான் செய்முறைத் தேர்வில் உட்காரவே முடியும். அறிவிப்பு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்தில் வரும், விண்ணப்பத்தையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். இரண்டு பிரதி நிரப்பி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். நான் பதிந்தபோது கட்டணம் 125 ரூபாய்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: கடைசியாகப் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் அல்லது ரெக்கார்டு ஷீட், ஆதார், பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அது, பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலு. எல்லாவற்றிலும் அசலும், இரண்டிரண்டு ஜெராக்ஸும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். எனக்குச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து. அதைச் சரிசெய்ய மூன்று நடை, மூன்று நாள் கூலி போனது.

இன்னொன்று, ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்து ஆட்களுக்கு. தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது, ஆனால் பழைய அடையாள அட்டையில் இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் என்றால் செய்முறைத் தேர்வு அதற்கு முன்னாடியே, பிப்ரவரி வாக்கில் வந்துவிடும். அதனால் பொங்கலுக்குள் எல்லாச் சோதனையும் கைப்பழக்கமாகிவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ததும் கொடுக்கிற ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பிறகு தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்பார்கள்.

2. வீட்டில் பழகச் சாமான் சேருங்கள்

வகுப்பில் ஸ்கேல் நம் கைக்கு வருவது பத்து நிமிஷம். அதில் யாரும் பழகிவிட முடியாது. வீட்டில் ஒரு செட் வைத்துக்கொண்டால்தான் உண்டு, அதற்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

மீட்டர் அளவுகோல்: 100 செ.மீ. மர ஸ்கேல். நான் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் 90 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நீளவாக்கில் பாருங்கள், வளைந்திருந்தால் வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்கேல் பாரம் தொங்கினால் வளைந்துவிடும், அதுவும் வேண்டாம். தையல் கடையில் கிடக்கிற மர ஸ்கேலில் செ.மீ. கோடுகள் தெளிவாக இருந்தால் இரவல் வாங்கினாலே போதும்.

நூல்: பீடி சுற்றுகிற வீட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. பீடி கட்டுகிற நூல் மெல்லிசு, அதனால் ஸ்கேலில் எந்தக் கோட்டில் தொங்குகிறது என்பது துல்லியமாகத் தெரியும். ஆனால் 100 கிராமுக்கு மேல் தொங்கவிடும்போது ஒற்றை நூல் அறுந்துவிடும் என்ற பயம் இருக்கிறது. இரண்டு இழை முறுக்கிக்கொள்ளுங்கள். சணலும் கயிறும் வேண்டாம், தடிமனான கயிறு மூன்று நாலு மில்லிமீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டால் எந்தக் கோட்டைப் படிப்பீர்கள்?

தெரிந்த எடை: ஆய்வகத்தில் நடுவில் பிளவுள்ள வட்ட எடைகளும், அவற்றை அடுக்குவதற்கு ஒரு கொக்கியும் இருக்கும். அந்தக் கொக்கிக்கு எடை தாங்கி என்று பெயர். வீட்டுக்கு அது தேவையில்லை. 50 கிராம், 100 கிராம் எடைக்கல், முத்திரை போட்டது, மளிகைக் கடையில் இரவல் கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் தண்ணீர் இருக்கிறது. 1 மில்லி தண்ணீர் 1 கிராம். மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்சு வாங்கி, ஊசி இல்லாமல், ஐந்து தடவை இழுத்து ஒரு மெல்லிய சின்னக் கவரில் விட்டு முடிந்தால் 50 கிராம். கவரின் எடை மிகக் குறைவு, பழகுவதற்கு அது போதும்.

தெரியாத எடை: தாமிரபரணியிலிருந்து எடுத்து வந்த ஒரு கூழாங்கல்லைத்தான் நான் வைத்துக்கொண்டேன். வழுவழுப்பான கல்லில் நூல் நிற்காது, நழுவும். பொட்டலம் கட்டுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் இரண்டு சுற்று கட்டுங்கள்.

தொங்கவிட இடம்: எங்கள் வீட்டில் தொட்டில் கொக்கி இருந்தது, அதிலிருந்து கயிறு இறக்கிக் கண் உயரத்துக்கு ஸ்கேலை விட்டேன். ஜன்னல் கம்பி, நிலையில் அடித்த ஆணி எதுவும் சரிதான், ஆனால் ஸ்கேல் சுவரில் இடிக்காமல் சுழல வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள். ஆனி, ஆடியில் நம் பக்கம் அடிக்கிற காற்றுக்கு ஜன்னலையும் சாத்த வேண்டியிருக்கும். வீட்டில் காற்று புகாத ஒரே இடம் அடுப்படி என்றால் அங்கேயே தொங்கவிடுங்கள்.

3. தத்துவத்தை ஒரு தடவை மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்

காவடியில் பதநீர் கொண்டு வருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் நிறைந்த கலயம் இருக்கும்வரை கம்பின் நடுவில் தோளைக் கொடுப்பார். ஒரு கலயத்தில் பாதி விற்றதும், தோளை நிறைந்த கலயத்தின் பக்கம் நகர்த்திக்கொள்வார். பாரமான பக்கம் கம்பு குட்டையாகவும், லேசான பக்கம் கம்பு நீளமாகவும் ஆகிறது, காவடி மறுபடி நேராக நிற்கிறது. சோதனை முழுவதும் இதுதான்.

எடையையும், அது தாங்குபுள்ளியிலிருந்து (ஸ்கேலைத் தாங்குகிற நூல் கட்டிய இடம்) எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதையும் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். இடது பக்கத்து எடை ஸ்கேலை இடஞ்சுழியாக (கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்) திருப்பப் பார்க்கும், வலது பக்கத்து எடை வலஞ்சுழியாக (கடிகார முள் சுற்றுகிற திசையில்). ஸ்கேல் கிடைமட்டமாக நின்றால் இரண்டும் சமம். அதாவது:

தெரியாத எடை × அதன் தொலைவு = தெரிந்த எடை × அதன் தொலைவு

நான்கில் மூன்று நம் கையில் இருக்கிறது, நான்காவதைக் கண்டுபிடிக்கிறோம். வாய்மொழியாகக் கேட்டால் தத்துவத்தை இப்படிச் சொல்லுங்கள்: சமநிலையில் உள்ள ஒரு பொருளின் மீது செயல்படும் வலஞ்சுழித் திருப்புத்திறன்களின் கூடுதல், இடஞ்சுழித் திருப்புத்திறன்களின் கூடுதலுக்குச் சமம்.

4. ஸ்கேலை மட்டும் தொங்கவிட்டு அதன் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஸ்கேலின் நடு 50 என்று நினைத்து 50-ல் நூலைக் கட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். மர ஸ்கேலில் ஒரு முனை கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஒரு பக்கம் மரம் அடர்த்தியாக இருக்கும், ஒரு நுனியில் மாட்டுவதற்கு ஓட்டை போட்டிருப்பார்கள். என் ஸ்கேல் 50.4-ல்தான் நேராக நின்றது. அந்த 50.4-தான் ஈர்ப்பு மையம். ஸ்கேலின் முழு எடையும் அந்த இடத்தில் இருப்பதாகக் கொள்ளலாம், அந்த இடத்தில் நூலைக் கட்டினால் ஸ்கேலின் எடைக்குத் தொலைவு பூஜ்யம், அதனால் கணக்கில் அது வராது. இதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

நூல் கட்டுகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் இரண்டு வாரம் திணறியது இதில்தான். நூலை வளையமாக்கி ஸ்கேலை அதில் செருகித் தொங்கவிட்டால், ஸ்கேல் வளையத்தின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். தாங்குகிற இடம் கீழ் விளிம்பில், எடைகள் மாட்டியிருப்பதோ மேல் விளிம்பில். பாரம் தாங்குபுள்ளிக்கு மேலே இருந்தால் சமநிலை நிற்கவே நிற்காது, ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கடைசிவரை கவிழ்ந்துவிடும். நான் எடையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்துவேன், இந்தப் பக்கம் கவிழும், திரும்ப நகர்த்துவேன், அந்தப் பக்கம் கவிழும். ஸ்கேல் சரியில்லை என்றே நினைத்துவிட்டேன். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு பையன், பதினேழு வயசு இருக்கும், ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவன், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “எக்கா, நூலு லொடலொடன்னு இருக்கு, இறுக்கி முடிச்ச மேல கொண்டாங்க” என்றான். ஸ்கேலைச் சுற்றி நூலை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றி, முடிச்சு சரியாக மேல் விளிம்பில் வருகிற மாதிரி கட்டினேன். தாங்குபுள்ளி மேலே வந்துவிட்டது. அதன் பிறகு ஸ்கேல் லேசாக ஆடி ஆடி, தானாக ஓர் இடத்தில் நின்றது. பீடிக்கு நூல் கட்டுகிற கைக்கு இந்த முடிச்சு ஒரு வேலையே இல்லை, யாராவது முன்னாடி சொல்லியிருந்தால் போதும்.

ஸ்கேல் கிடைமட்டமாக இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் நம்பாதீர்கள். பின்னால் ஜன்னல் கம்பியோ, அலமாரித் தட்டோ, சுவரில் டைல்ஸ் கோடோ இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கேலின் இரண்டு நுனியும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தையல் டேப்பால் அளந்துவிடலாம். சமம் என்றால் நூல் இருக்கிற கோட்டைக் குறித்துக்கொண்டு, முடிச்சு நகராமல் இரண்டு பக்கமும் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டுவிடுங்கள்.

5. எடைகளை மாட்டுங்கள்

தெரியாத எடையை இடது பக்கம் ஏதாவது ஒரு முழு எண் தொலைவில் நிறுத்திவிடுங்கள். 20.0 செ.மீ. என்று வைப்போம். நூல் 50.4-ல் என்றால் கல் 30.4-ல் தொங்க வேண்டும். பிறகு அதைத் தொடாதீர்கள். வலது பக்கம் தெரிந்த எடையை மட்டும் நகர்த்தி நகர்த்தி ஸ்கேலை நேராக்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி நகர்த்தினால் அரை மணி நேரம் ஆனாலும் முடியாது.

நேரானது போலத் தெரிந்ததும் கையை எடுத்து, பத்து எண்ணும்வரை காத்திருங்கள். நூல் முறுக்கு அவிழும்போது ஸ்கேல் சுற்றும், சுற்றட்டும். நின்ற பிறகுதான் படிக்க வேண்டும். கண் கோட்டுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும், சாய்ந்து பார்த்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தப்பும்.

தொலைவுகளைச் சின்னதாக வைக்காதீர்கள். கல்லை 5 செ.மீ. தூரத்தில் வைத்தால், படிக்கும்போது 1 மில்லிமீட்டர் தவறினாலும் விடையில் 2 சதவீதம் தவறும். 30 செ.மீ.யில் வைத்தால் அதே 1 மில்லிமீட்டர் தவறுக்கு மூன்றில் ஒரு சதவீதம்தான். அதற்காக ரொம்ப தூரமும் ஆகாது. என் கல் 72 கிராம் சொச்சம், அதை 40 செ.மீ.யில் வைத்து மறுபக்கம் 50 கிராமைத் தொங்கவிட்டால் 58 செ.மீ. போக வேண்டும், நூலுக்கு அந்தப் பக்கம் ஸ்கேல் அவ்வளவு நீளம் இல்லை. நுனிவரை தள்ளியும் நேராகவில்லை என்றால் தெரிந்த எடையைக் கூட்டுங்கள்.

6. தொலைவை அளந்து அட்டவணையில் எழுதுங்கள்

தொலைவு என்பது ஸ்கேலில் உள்ள எண் இல்லை. நூல் கட்டிய இடத்துக்கும் எடை தொங்குகிற இடத்துக்கும் உள்ள வித்தியாசம். கல் 30.4-ல் தொங்குகிறது என்றால் 30.4 என்று எழுதக் கூடாது, 50.4-லிருந்து 30.4-ஐக் கழித்து 20.0 என்று எழுத வேண்டும்.

50-லிருந்து கழித்தாலும் தப்புதான். எவ்வளவு தப்பும் என்று நானே போட்டுப் பார்த்தேன். நூல் 50.4, கல் 30.4, தெரிந்த எடை 50 கிராம் 79.3-ல். சரியான தொலைவுகள் 20.0-ம் 28.9-ம், விடை 72.25 கிராம். 50-லிருந்து கழித்தால் 19.6-ம் 29.3-ம் வரும், விடை 74.7 கிராம். வெறும் 4 மில்லிமீட்டர் கவனக்குறைவு, இரண்டரை கிராம் கூடிவிட்டது.

அட்டவணைக்கு ஆறு பத்தி போடுங்கள்: வரிசை எண், தெரிந்த எடை, தெரிந்த எடையின் தொலைவு, தெரியாத எடையின் தொலைவு, தெரிந்த எடையையும் அதன் தொலைவையும் பெருக்கியது, தெரியாத எடை. அலகை ஒவ்வொரு பத்தியின் தலையிலும் எழுதுங்கள். என் கூழாங்கல்லுக்கு வந்தவை இவை:

முதல் அளவீடு: 50 கிராம், 28.9 செ.மீ., கல் 20.0 செ.மீ. பெருக்கல் 1445, எடை 72.25 கிராம்.
இரண்டாவது: 100 கிராம், 21.6 செ.மீ., கல் 30.0 செ.மீ. பெருக்கல் 2160, எடை 72.00 கிராம்.
மூன்றாவது: 100 கிராம், 18.1 செ.மீ., கல் 25.0 செ.மீ. பெருக்கல் 1810, எடை 72.40 கிராம்.
நான்காவது: 150 கிராம், 19.2 செ.மீ., கல் 40.0 செ.மீ. பெருக்கல் 2880, எடை 72.00 கிராம்.
ஐந்தாவது: 150 கிராம், 21.7 செ.மீ., கல் 45.0 செ.மீ. பெருக்கல் 3255, எடை 72.33 கிராம்.

ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 72.2 கிராம். ஐந்து விடையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, இருக்கவும் கூடாது. ஐந்திலும் 72.20 என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், அது ஸ்கேலில் பார்த்த எண் இல்லை, கணக்கைத் திருப்பிப் போட்டு எடுத்த எண் என்று. ஒரு விடை மட்டும் 65, 80 என்று தனியாக நின்றால் அந்த அளவீட்டை மட்டும் மறுபடி செய்யுங்கள்.

7. எடை தாங்கியை மறக்காதீர்கள்

இதைத் தனிப் படியாகவே எழுதுகிறேன். மாதிரித் தேர்வில் எனக்கு 36 கிராம் வந்தது. வீட்டில் 72 வந்த அதே கல், ஆசைக்குக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஸ்கேல் நேராகத்தான் நின்றது, தொலைவுகளும் சரி, கணக்கும் சரி. டீச்சர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “தாங்கியோட எடை என்னம்மா?” என்று மட்டும் கேட்டார்கள். ஆய்வகத்தில் அந்தக் கொக்கியே 50 கிராம். அதன் மேல் ஒரு 50 கிராம் வில்லையை வைத்துவிட்டு, வில்லையில் எழுதியிருக்கிற 50-ஐ மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். தொங்கியது 100, எழுதியது 50, விடை சரியாகப் பாதி. வீட்டில் எடைக்கல்லை நேரே நூலில் கட்டிப் பழகியதால் கொக்கி என்ற ஒன்று என் மனசிலேயே இல்லை.

ஆய்வகத்துக்குள் போனதும் முதல் வேலையாகத் தாங்கியைத் திருப்பிப் பாருங்கள், அடியில் எடை பொறித்திருக்கும். இல்லாவிட்டால் கேட்டுவிடுங்கள். கேட்டால் யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை.

இதே மாதிரி கல்லைக் கவரில் போட்டுத் தொங்கவிட்டால் நீங்கள் கண்டுபிடிப்பது கல்லும் கவரும் சேர்ந்த எடை. கனமான பையாக இருந்தால் அது கிராம் கணக்கில் தெரியும். நூலில் கட்டுவதே நல்லது.

8. விடையை எந்த அலகில் எழுதுவது

கிராமில் கணக்குப் போட்டாலும் கடைசி விடையைக் கிலோகிராமில் எழுதச் சொல்வார்கள். 72.2 கிராம் என்றால் 72.2 × 10⁻³ கிலோகிராம். பத்தின் அடுக்கை எழுத மறந்து வெறும் 72.2 கிலோகிராம் என்று எழுதிவிட்டால் ஓர் ஆளின் எடையாகிவிடும், பார்த்து எழுதுங்கள்.

அப்புறம், எடை என்று நாம் கடையில் சொல்வது உண்மையில் நிறை. எடை ஒரு விசை, அதன் அலகு நியூட்டன். நிறையைக் கிலோகிராமில் எடுத்து 9.8-ஆல் பெருக்கினால் எடை வரும், என் கல்லுக்கு 0.0722 × 9.8, அதாவது சுமார் 0.708 நியூட்டன். சோதனையின் பெயரில் எடை என்று இருக்கிறது, அட்டவணையில் கிராம் என்று இருக்கிறது, இது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. காரணம் எளிது: இரண்டு பக்கமும் அதே 9.8-ஆல் பெருக்க வேண்டும், சமன்பாட்டில் அது அடிபட்டுப் போய்விடும், அதனால் கிராமிலேயே கணக்குப் போட்டால் நிறை நேராக வந்துவிடுகிறது.

9. எடைக்கல்லே இல்லாமலும் எடை பார்க்கலாம்

இது தேர்வுக்குக் கட்டாயமில்லை. ஆனால் இதை ஒரு தடவை செய்து பார்த்த பிறகுதான் ஈர்ப்பு மையம் என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் விளங்கியது, அதனால் விட மனசில்லை.

ஸ்கேலையே எடைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். என் ஸ்கேலைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 120 கிராம். நூலை 50.4-லிருந்து கழற்றி 35.0-ல் கட்டினேன். இப்போது ஸ்கேலின் எடை 15.4 செ.மீ. வலது பக்கம் தள்ளி இழுக்கிறது, வலது பக்கம் தாழ்கிறது. இடது பக்கம் கல்லை மட்டும் மாட்டி நகர்த்திக்கொண்டே போனால் 9.4-ல் ஸ்கேல் நேரானது. கல்லின் தொலைவு 25.6. 120-ஐ 15.4-ஆல் பெருக்கினால் 1848, அதை 25.6-ஆல் வகுத்தால் 72.2 கிராம். வலது பக்கம் ஒன்றுமே தொங்கவில்லை, ஆனாலும் அதே விடை. அன்றைக்கு ராத்திரி என் மகளை எழுப்பிக் காட்டினேன்.

பீடிக்கு இலையும் தூளும் எடை போட்டு வாங்குகிற வேலையில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்போமே தவிர, தண்டின் இரண்டு பக்கமும் ஒரே நீளமா என்று பார்க்கத் தோன்றியதில்லை. ஒரு பக்கம் 20 செ.மீ., மறுபக்கம் 21 என்றால் தட்டில் 1 கிலோ கல்லுக்கு எதிரே சுமார் 50 கிராம் வித்தியாசம் வந்துவிடும். சந்தேகம் இருந்தால் சாமானையும் கல்லையும் தட்டு மாற்றிப் போடச் சொல்லுங்கள், இரண்டு தடவையும் முள் நேராக நின்றால் தண்டு சரி.

10. ரெக்கார்டு நோட்டை அன்றன்றே எழுதுங்கள்

நோக்கம், தேவையான பொருட்கள், தத்துவம், சூத்திரம், செய்முறை, அட்டவணை, கணக்கீடு, முடிவு என்ற வரிசையில் எழுத வேண்டும். படமும் அட்டவணையும் இடது பக்கம் பென்சிலில், மற்றது வலது பக்கம் பேனாவில் என்று எங்கள் பயிற்சியில் சொன்னார்கள். உங்கள் இடத்தில் எப்படிக் கேட்கிறார்கள் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள். நோட்டு எனக்கு 60 ரூபாய் ஆனது. ஒவ்வொரு சோதனைக்கும் டீச்சர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். கையெழுத்தை மொத்தமாகக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் கடைசி வாரம் அலைந்தார்கள், அன்றைக்கு டீச்சர் வேறு பணிக்குப் போயிருந்தார்கள்.

படத்தில் ஸ்கேல், நடுவில் தொங்குகிற நூல், இரண்டு பக்க எடைகள், இரண்டு தொலைவுகள் இவை குறித்திருந்தால் போதும். தொலைவைக் காட்டுகிற அம்புக்குறி ஸ்கேலின் நுனியிலிருந்து தொடங்கக் கூடாது, நூலிலிருந்து தொடங்க வேண்டும். படத்திலேயே அதைத் தப்பாகப் போட்டால் அளக்கும்போதும் கை அப்படித்தான் போகும்.

11. தேர்வு நாளில்

ஹால் டிக்கெட், ஆதார், கையெழுத்து வாங்கிய ரெக்கார்டு நோட்டு, இரண்டு பேனா, பென்சில், ரப்பர், 15 செ.மீ. சின்ன ஸ்கேல். கால்குலேட்டரை நம்பிப் போகாதீர்கள், மூன்று இலக்க வகுத்தலைக் கையால் போட்டுப் பழகுங்கள். தெரியாத எடையின் தொலைவை 20, 25, 30, 40 என்று வைத்துக்கொண்டால் வகுப்பதும் சுலபம்.

எனக்கு முதலில் ஐந்து அளவீடு முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பத்துப் பன்னிரண்டு தடவை செய்த பிறகு 25 நிமிஷத்துக்கு வந்துவிட்டது. அந்த இடத்துக்கு வந்த பிறகு தேர்வைப் பற்றிய பயம் தானாகக் குறைந்தது.

உங்களுக்குக் கொடுக்கிற ஸ்கேலில் ஏற்கெனவே நூல் கட்டியிருக்கும், முந்தைய ஆள் கட்டியது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எடை ஏதும் இல்லாமல் ஒரு தடவை தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பாருங்கள், நிற்கவில்லை என்றால் அவிழ்த்துக் கட்டுங்கள், இரண்டு நிமிஷ வேலை. நூல் உள்ள கோட்டின் எண்ணை விடைத்தாளின் மேலேயே எழுதி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு தொலைவையும் அதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

என்னிடம் கேட்ட கேள்விகள் மூன்று: திருப்புத்திறனின் அலகு என்ன (நியூட்டன் மீட்டர்), ஈர்ப்பு மையம் என்றால் என்ன, கல்லைத் தாங்குபுள்ளிக்கு அருகே கொண்டுவந்தால் தெரிந்த எடையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் (அதையும் தாங்குபுள்ளியை நோக்கி). மூன்றாவதற்கு நான் வாயால் சொல்லவில்லை, ஸ்கேலில் நகர்த்தியே காட்டினேன், சரி என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வருவதற்கு முன் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்றா என்று பாருங்கள். பயிற்சி ரசீதையும் ஹால் டிக்கெட்டையும் மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வரும்வரை ஒரே உறையில் போட்டு வையுங்கள், எழுத்துத் தேர்வில் ஏதாவது விட்டுப் போய் மறுபடி எழுத நேர்ந்தால் அந்த இரண்டு தாளும்தான் முதலில் தேவைப்படும்.